கேள்வித்தாளில் இல்லாத ஊர்த்தெரு

"கல்லூரிக்கு வந்து செல்லும் வழியில் நீங்கள் எந்த அளவுக்குப் பாதுகாப்பாக உணர்கிறீர்கள்? ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடுக." நாம் கட்டுக்கட்டாக எடுத்துச் சென்ற கேள்வித்தாளில் இருந்த கேள்விகளில் இதுவும் ஒன்று. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் இந்த இடத்தில் பேனாவை மூடிவைத்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்: "எந்த வழிக்கா? பஸ்ல வர்றதா, பஸ்ஸ விட்டு எறங்கி ஊர்த்தெருவுல நடக்கிறதா?"

நம்மிடம் பதில் இல்லை. "ரெண்டையும் சேர்த்துப் போடும்மா" என்று சொல்லிவைத்தோம். சற்று யோசித்தவர் மூன்றைச் சுழித்தார். பேருந்துக்கு ஐந்து, தெருவுக்கு ஒன்று, கூட்டி இரண்டால் வகுத்தால் மூன்று. கணக்கு சரியாகத்தான் இருந்தது. அந்தத் தாள் சென்னைக்குப் போய் கணினியில் ஏறும்போது, "ஓரளவு பாதுகாப்பாக உணர்கிறார்" என்ற வரிசையில் அவரும் ஒருவராகிவிடுவார். தினமும் மாலையில் காலனிக்குப் போக ஊர்த்தெருவைக் கடக்கும்போது சாதிப் பெயரைச் சொல்லிச் சீட்டியடிக்கும் கூட்டத்துக்கு முன்னால் தலைகுனிந்து வேகமாக நடக்கும் ஒரு பெண், அறிக்கையில் ஓரளவு பாதுகாப்பாக இருப்பவராக அச்சாவார்.

பாலினச் சமத்துவத்துக்காக வேலை செய்யும் தொண்டு நிறுவனம் ஒன்று, கல்லூரி மாணவ மாணவியரிடம் கருத்தாய்வு நடத்தித் தரும்படி நம்மைக் கேட்டிருந்தது. நல்ல நோக்கம், நல்ல மனிதர்கள். கிராமப்புறக் கல்லூரிகளில் எந்தப் பயிற்சியைக் கொண்டுவருவது, எங்கே ஆலோசகரை அமர்த்துவது, அரசிடம் எதைக் கேட்பது என்பதையெல்லாம் இந்தத் தாள்களை வைத்துத்தான் அவர்கள் முடிவு செய்யப் போகிறார்கள். அதனால்தான் நாமும் ஒப்புக்கொண்டோம். நமது மாவட்டத்தின் கலைக் கல்லூரி ஒன்றில் தொடங்கினோம். அங்கே கிடைத்த பதில்களை விழுக்காடாக இங்கே எழுதப் போவதில்லை. தாள்கள் நம்முடையவை அல்ல, கணக்கும் இன்னும் முடியவில்லை. தவிர, முதல் நாள் நாம் வாங்கிய பதில்களில் நமக்கே நம்பிக்கை இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்த வாரப் பத்தி.

முதல் நாள் நடந்தது இது. துறைத் தலைவர் எங்களை வகுப்புக்கு அழைத்துச் சென்று அறிமுகப்படுத்தினார். ஆணும் பெண்ணும் ஒரே அறையில் பெஞ்சுக்கு நான்கு பேர். தாளின் தலையில் பெயரும் பதிவெண்ணும் எழுத இடம் இருந்தது. "எல்லாரும் ஒழுங்கா நெரப்பிக் குடுங்க, நம்ம காலேஜ் பேரு கெட்டுடக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவர் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். இருபது நிமிடத்தில் முடிந்தது. வகுப்புப் பிரதிநிதி தாள்களைச் சேகரித்து, பதிவெண் வரிசையில் அடுக்கி, முதலில் அவரிடம்தான் கொடுத்தார். அவர் மேலோட்டமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு நம் கையில் தந்தார். "கல்லூரி வளாகத்தில் நீங்கள் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானது உண்டா?" என்ற கேள்விக்கு நாம் பார்த்த வரை எல்லாத் தாளிலும் ஒரே பதில்தான்: இல்லை.

அவர்மேல் மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பேச வேண்டிய இடத்தில் நாம் பேசாமல் இருந்தோம். ஒரு வாரத்தில் இத்தனை தாள் என்று இலக்கு இருந்தது. வெளியே போங்கள் என்று சொன்னால் அனுமதியே போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. பெயர் எழுத வேண்டாம் என்று சொல்வதற்குக்கூட நமக்கு அன்று நாக்கு எழவில்லை. மாணவிகளுக்குக் குரல் கொடுக்கப் போன நாமே வாயை மூடிக்கொண்டு நின்றோம் என்பதை மறைத்துவிட்டு மற்றவர்களுக்கு அறிவுரை சொல்வது முறையாகாது.

மறுநாள் முதல்வரைப் பார்த்து மூன்று விஷயம் கேட்டோம். பெண்களுக்குத் தனி அறை. உள்ளே ஆசிரியர் யாரும் கூடாது. பெயர், பதிவெண் இரண்டும் வேண்டாம். அவர் மறுக்கவில்லை, முதல் நாளே கேட்டிருக்கலாமே என்றார். அட்டைப் பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு, தாளை மடித்து அதற்குள் போடச் சொன்னோம். அதே கேள்வித்தாள், அதே வயதுப் பெண்கள். ஆனால் அறை வேறாக இருந்தது. தாளைக் கொடுத்ததும் ஒருவர் கேட்டார்: "பாலியல் துன்புறுத்தல்னா, தப்பா நடந்தாதானேக்கா? சும்மா இடிக்கிறது, போட்டோ எடுக்கிறது, நம்பர் கேட்டு பின்னாலயே வர்றதெல்லாம் அதுல வராதில்ல?" அறை முழுக்க அந்தக் கேள்வியோடு தலையாட்டியது.

இதை எல்லாக் கருத்தாய்வுக்காரர்களும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். "துன்புறுத்தல்" என்று தாளில் அச்சடித்த சொல், நம் பிள்ளைகளின் காதில் பலாத்காரம் என்றே விழுகிறது. அதற்குக் குறைந்த எதையும் அவர்கள் துன்புறுத்தலாக எண்ணுவதில்லை. அப்படி எண்ண யாரும் கற்றுத்தரவும் இல்லை. இடித்தார்களா, படம் எடுத்தார்களா, வேண்டாம் என்ற பிறகும் பின்தொடர்ந்தார்களா, மதிப்பெண்ணைக் காட்டி மிரட்டினார்களா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டால்தான் உண்மை வெளியே வரும். நமக்குக் கொடுத்த தாளோ ஆங்கிலத்தில் எழுதி அப்படியே தமிழாக்கியது. "பாலின வகிபாகம்" என்று ஒரு சொல் அதில் இருந்தது. தமிழ் முதுகலை படித்த நமக்கே அந்த இடத்தில் ஒரு நொடி தேவைப்பட்டது.

சொல் சிக்கலையாவது ஒரு நாளில் சரிசெய்துவிடலாம். அந்தத் தாள் எந்தப் பெண்ணை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதுதான் பெரிய சிக்கல்.

"உங்கள் தாய் வேலைக்குச் செல்கிறாரா?" என்று ஒரு கேள்வி. அரசு வேலை, தனியார் வேலை, சுயதொழில், இல்லத்தரசி என்று நான்கு கட்டங்கள். நமது மாணவிகள் பலர் இல்லத்தரசி என்று குறித்திருந்தார்கள். அதில் ஒருவரிடம் பேச்சுவாக்கில், அம்மா வீட்டில்தான் இருக்கிறாரா என்று கேட்டோம். "காலைல நூறு நாள் வேலைக்குப் போவாங்க. அது இல்லாதப்ப நடவு, களையெடுப்பு. கரும்பு வெட்டு வந்தா அப்பாவோட போயிடுவாங்க" என்றார். பிறகு ஏனம்மா இல்லத்தரசி? "கூலி வேலைன்னு கட்டம் இல்லியேக்கா." விடியும் முன் சோறு பொங்கி வைத்துவிட்டு வயலுக்குப் போய், பொழுது சாய வந்து மறுபடியும் அடுப்பு மூட்டும் ஒரு தாய், பெண்களின் உழைப்பை மதிக்கச் சொல்லும் அமைப்பின் தாளிலேயே வேலை இல்லாதவராகிவிட்டார். வேலைக்குப் போவதே விடுதலை என்ற கணக்கில் எழுதப்பட்ட கேள்வி அது. தலித் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு வெளியே உழைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எந்த வேலை, யாருடைய நிலம், என்ன கூலி, அந்த நிலத்தில் யார் எப்படி நடத்துகிறார்கள் என்பவைதான் அவர்களுடைய கேள்விகள்.

வங்கிக் கணக்கு பற்றிய கேள்வியும் அப்படித்தான். "உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு உள்ளதா?" எல்லாரும் ஆம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்கு வரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பணம் மாணவியின் கணக்குக்கே நேராகப் போகிறது. அந்த வகையில் கணக்கு இல்லாத மாணவியைக் காண்பது அரிது. ஆனால் ஏ.டி.எம். கார்டு யாரிடம் இருக்கிறது என்று வாய்மொழியாகக் கேட்டபோது அப்பாவிடம், அண்ணனிடம், குழுக் கடன் கட்ட அம்மாவிடம் என்று பதில்கள் வந்தன. தாளில் அதற்கும் கட்டம் இல்லை.

சாதி என்ற சொல் அந்தத் தாளில் ஓரிடத்திலும் இல்லை. இதை நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் தொலைபேசியில் கேட்டோம். கேட்டால் பிரச்சினை வரும், கல்லூரி அனுமதி தராது, மாணவர்கள் சங்கடப்படுவார்கள் என்றார். கடைசியாக, "பொண்ணுன்னா பொண்ணுதாங்க, அதுல எதுக்கு சாதி?" என்றார்.

சங்கடம் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கல்வி உதவித்தொகைப் படிவம் வரும் நாளில் "எஸ்.சி. ஸ்டூடண்ட்ஸ் எழுந்து நில்லுங்க" என்று வகுப்பு நடுவில் சொல்வது நம் கல்லூரிகளுக்குப் புதிதா? பெயரும் பிரிவும் போட்ட பட்டியல் அறிவிப்புப் பலகையில் வெயிலில் காய்ந்துகொண்டிருப்பதை யாரும் பார்த்ததில்லையா? எந்த விடுதி என்று சொன்னாலே சாதி தெரிந்துவிடும் என்று மாணவிகள் தயங்கியது போதாதா? அரசு விடுதிகளுக்கு 2025 ஜூலையில் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றியதே இந்தக் காரணத்தால்தான். காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அதே ஆண்டு ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். வரவேற்றோம். ஆனால் பேருந்து நிறுத்தத்துக்கும் அந்த மாணவியின் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் தெரு அப்படியேதான் இருக்கிறது. சாதி கேட்கப்படாத இடம் நம் பிள்ளைகளுக்கு எங்கேயும் கிடையாது. கேட்டால் அவர்களுக்கு உதவக்கூடிய தாளில் மட்டும் அது விடுபட்டுப் போகிறது.

பெண்ணென்றால் பெண்தான் என்ற வாதத்துக்கு அம்பேத்கர் நூறாண்டுக்கு முன்பே பதில் எழுதிவிட்டார். 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் வாசித்த "இந்தியாவில் சாதிகள்" என்ற கட்டுரையின் மையமே இதுதான். சாதியின் உயிர்நிலை அகமணம். அந்த அகமணத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பெண்ணைக் காவலில் வைக்க வேண்டும். உடன்கட்டையும் கட்டாய விதவைக் கோலமும் குழந்தை மணமும் அதற்காக வந்தவை என்று அவர் விளக்கினார். அப்போது அவருக்கு வயது 25. சாதியை விட்டுவிட்டுப் பெண்ணடிமையை அளக்கப் போவது, காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொடாமலே மருந்து எழுதுவது போலத்தான்.

அதே தாளிலேயே அதற்குச் சான்றும் கிடைத்தது. "விரும்பியவரைத் திருமணம் செய்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு என்று கருதுகிறீர்களா?" ஆண்களும் பெண்களும் தயக்கமின்றி ஆம் என்று குறித்தார்கள். மூன்றாம் நாள், மாணவர்கள் அறையில், நாம் தாளை ஓரமாக வைத்துவிட்டு வாய்வழியாக ஒன்று கேட்டோம்: உங்கள் தங்கை வேறு சாதிப் பையனை விரும்பினால்? சிரிப்பு நின்றுவிட்டது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு தம்பி கேட்டார்: "இதுக்குப் பேரு போடணுமாக்கா?" போட வேண்டாம் என்றோம். பிறகும் யாரும் பேசவில்லை. கையில் வண்ணக் கயிறு கட்டியிருந்தவர்கள் மட்டும் அல்ல, கட்டாதவர்களும் பேசவில்லை. ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் பையன்களும் பேசவில்லை. அக்காள் தங்கையின் கைப்பேசியை வாங்கி நோண்டும் பழக்கம் ஊர்த்தெருவோடு நின்றுவிடவில்லை. ஒடுக்கப்பட்டவர் என்பதால் வீட்டுக்குள் ஒடுக்கமாட்டோம் என்று நாம் சொல்லிக்கொண்டால் அந்தப் பெண்கள்தான் சிரிப்பார்கள்.

அந்த மௌனம் எதைச் சுமந்திருக்கிறது என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியும். கோகுல்ராஜ் 2015-ல், உடுமலை சங்கர் 2016-ல், கவின் செல்வகணேஷ் 2025 ஜூலையில் கொல்லப்பட்டார்கள். மூவரும் படித்தவர்கள். ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டம் குறித்துப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று 2025 அக்டோபரில் அரசு அறிவித்தது. இத்தனைக்கும் பிறகு கல்லூரி மாணவர்களிடம் பாலினச் சமத்துவம் பற்றிக் கேட்கப் போகும் தாளில் சாதி மறுப்புத் திருமணம் பற்றி ஒரு வரி இல்லை என்றால் என்ன சொல்வது?

உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் தமிழ்நாட்டில் 47 என்கிறது 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வு. நாட்டிலேயே உயர்ந்த விகிதங்களில் ஒன்று. அதில் வீட்டின் முதல் பட்டதாரிகளாக வரும் தலித் மாணவிகளும் இருக்கிறார்கள். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021-ல் வந்த பிறகு, பேருந்துக் காசுக்காகப் படிப்பை நிறுத்துவது குறைந்திருப்பதை நம் கிராமங்களில் கண்ணால் பார்க்கிறோம். ஆனால் வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைக் கேட்கும் ஏற்பாடு பலவீனமாக இருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-ல் வந்தது. அதையொட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு 2015ஆம் ஆண்டு விதிமுறைகளைக் கொண்டுவந்தது. அதன்படி ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்கள். தொண்டு நிறுவனத்திலிருந்து வெளி உறுப்பினர் ஒருவர். புகார் மாணவர் சம்பந்தப்பட்டது என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவப் பிரதிநிதிகளும் குழுவில் அமர வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதே விதிமுறைகள் இன்னொன்றையும் சொல்கின்றன. வட்டாரம், வர்க்கம், சாதி, சிறுபான்மை அடையாளம், மாற்றுத்திறன் போன்றவற்றால் சிலர் கூடுதலாகப் பாதிப்புக்கு ஆளாகிறார்கள், புகார் சொல்வதும் அவர்களுக்குக் கடினம், குழு அதை உணர்ந்து நடக்க வேண்டும் என்கின்றன. மானியக் குழுவே சாதி என்று எழுதியிருக்கும்போது தொண்டு நிறுவனம் தயங்குவது ஏன் என்பது நமக்குப் புரியவில்லை.

தெருவில் நடப்பதற்கும் சட்டம் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்ணைச் சம்மதமின்றிப் பாலியல் நோக்கில் தொடுவதும், அத்தகைய சொல்லும் சைகையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தின் மூலம் தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டுள்ளன. பொதுப் பார்வையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும் குற்றம். நமக்கு மூன்றைச் சுழித்துக் காட்டிய மாணவிக்கு இது தெரிந்திருக்கவில்லை. அவர் கல்லூரியின் புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்கவில்லை.

சாதியைக் கேட்க வேண்டும் என்று சொல்லும் நாமே, எப்படிக் கேட்பது என்பதையும் சொல்லியாக வேண்டும். உட்சாதி வேண்டாம், பிரிவு போதும். தன் கையால் தானே குறிக்க வேண்டும், யாரும் வாய்விட்டுக் கேட்கக் கூடாது. "சொல்ல விரும்பவில்லை" என்ற கட்டமும் இருக்க வேண்டும். அறிக்கை எழுதும்போதும் கவனம் தேவை. செஞ்சி, திண்டிவனம் பக்கத்து இருளர் குடியிருப்புகளிலிருந்து சாதிச் சான்றிதழுக்கு அலைந்து திரிந்து கல்லூரிக்கு வந்து சேரும் மாணவிகள் ஒரு துறையில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். துறை, ஆண்டு, பிரிவு என்று மூன்றையும் போட்டு அட்டவணை அச்சடித்தால் பெயர் போடாமலே அவர் யார் என்று கல்லூரி முழுக்கத் தெரிந்துவிடும். சிறிய எண்ணிக்கையைத் தனியே காட்டக் கூடாது.

இதைப் படிக்கும் மாணவ மாணவியருக்கு ஒரு வார்த்தை. உங்கள் வகுப்புக்கும் இப்படித் தாள் தூக்கிக்கொண்டு யாராவது வருவார்கள், நாமே வந்தாலும் வருவோம். இந்தப் பதில் யாரிடம் போகும், ஆசிரியர் பார்ப்பாரா, பெயர் ஏன், பதில் எழுதாவிட்டால் ஏதாவது ஆகுமா, அறிக்கை வந்தால் எங்களுக்கும் ஒரு பிரதி தருவீர்களா என்று கேளுங்கள். அதிகப்பிரசங்கித்தனம் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். பொருந்தாத கேள்விக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதுங்கள். ஒரு மாணவி அப்படித்தான் "இல்லத்தரசி" என்பதை அடித்துவிட்டு, ஓரத்தில் "கரும்பு வெட்டு" என்று எழுதியிருந்தார். நான்கு நாளில் நாம் வாங்கிய தாள்களில் மிகத் தெளிவான பதில் அதுதான்.

இவற்றையெல்லாம் எழுதி நிறுவனத்துக்கு அனுப்பினோம். இரண்டு தொலைபேசி உரையாடல்களுக்குப் பிறகு அவர்கள் சிலவற்றை ஏற்றுக்கொண்டார்கள். தாயின் வேலைக்குக் கூலி வேலை என்ற கட்டம் சேர்கிறது. வழி பற்றிய கேள்வி பேருந்து, நிறுத்தம், தெரு என்று மூன்றாகப் பிரிகிறது. பிரிவு பற்றிய கேள்வியை அடுத்த கல்லூரியில் மட்டும் சோதனையாகக் கேட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். துறைத் தலைவர் புரட்டிப் பார்த்த முதல் நாள் தாள்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்ற கோரிக்கைக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. இலக்கு குறைந்துவிடும் என்பது அவர்கள் கவலை. அந்தக் கட்டு நம்மிடம்தான் இருக்கிறது, பெயர் எழுதிய பகுதியைக் கத்தரித்து எடுத்துவிட்டோம்.